எரபது பூக்காத வருடம்

கண்டியில் வசந்தம் என்று ஒன்று கிடையாது, மழைக்காலமும் மழையில்லாத காலமும்தான் உண்டு என்று சொல்பவர்கள், மாசி மாதத்தில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒரு வாரம் வந்து நிற்கவேண்டும். தை முழுவதும் தைலமும் இருமல் பாணியும்தான் போகும். பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கே வெயில் கவுண்டர் கண்ணாடியில் வந்து அடிக்கும். அன்றைக்கே யாராவது ஒரு தாய் அம்மை போட்ட பிள்ளைக்குப் பூச கலமைன் கேட்டு வருவாள். அடுத்த நாள் கண் சிவந்தவர்கள் வருவார்கள், அதற்கடுத்த நாள் தும்முகிறவர்கள். அதே வாரத்தில் வாவிக்கரையில் ரொபரோசியா மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். அதற்குக் கீழே நின்று படம் எடுக்கும் கூட்டத்தைத் தாண்டித்தான் நான் பஸ் பிடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை குறைவு. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையை அடைத்து நிற்பவர்களை நான் தோளால் இடித்துக்கொண்டுதான் போவேன்.

ஆனால் நான் குடியிருக்கும் சந்துக்கு, எங்கள் ஒழுங்கைக்கு, வசந்தம் வந்துவிட்டது என்று சொல்வது அந்த ரொபரோசியா அல்ல. ஒழுங்கையின் கடைசி வளவில், வேலி மூலையில் நிற்கும் ஒரு முள்முருங்கை மரம். சிங்களத்தில் எரபது என்பார்கள். தை மாதத்தில் அது பார்க்கச் சகிக்காது. ஒரு இலை இருக்காது, சாம்பல் நிறத்தில் முள்ளும் கொப்புமாக நிற்கும். மாசி நடுவில் கொப்பு நுனிகளில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக ஏதோ தடிக்கும். பிறகு ஒரு கிழமைக்குள் மரம் முழுக்க இரத்தச் சிவப்பாகிவிடும். மைனாக்கள் வந்து சண்டை பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் ஒழுங்கையில் உள்ளவர்கள் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாமா, கொக்கிஸ் பலகாரத்துக்கு மா இடிக்கலாமா என்று பேசத் தொடங்குவார்கள்.

அந்த மரம் என் வீட்டுச் சொந்தக்காரருடையது. அவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள், நானும் அப்படித்தான். முன் வீட்டில் அவர் தனியாக இருக்கிறார், மகள் இத்தாலியில். பின்பக்கத்து ஓர் அறையும் குசினியும் சின்ன விறாந்தையும் நான் வாடகைக்கு எடுத்தது. பன்னிரண்டு வருடமாகிறது. கல்யாணம் கட்டாத, ஐம்பதைத் தொட்ட ஒரு மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கு டவுனுக்குக் கிட்ட ஒரு வீடு கிடைப்பது எவ்வளவு லேசு என்று நினைப்பவர்கள், நினைத்துக்கொண்டே இருக்கட்டும். அந்த வீடு கிடைக்குமுன் ஏழு வாசலில் நின்றிருக்கிறேன். டீச்சர் மட்டும்தான் என்னை உட்காரச் சொல்லிக் கதிரை போட்டவர். அதை நான் மறக்கவில்லை. மறக்காததுதான் பிறகு வினையாகப் போனது.

ஒருமுறை டீச்சர் தன் உறவினர் ஒருவருக்கு என்னை அறிமுகம் செய்யும்போது, "தோட்டத்துப் பக்கம்தான், ஆனால் அப்படி இல்லை" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கிறது.

போன வருடம் தைப் பொங்கல் முடிந்த கையோடு அப்பாவை மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தம்பியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், தம்பி கொழும்பில் வேலை. இருக்கிற இடத்தில் அப்பாவும் ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தார். "எங்கூட வந்து இருங்கப்பா, நெரந்தரமா இருங்க" என்றேன். ஒரு பையும், பழைய தினசரியில் சுற்றிய ஒரு கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தார். அது கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்பார்கள். நாற்பது வருடம் அப்பாவின் வேலை அதுதான். கத்தியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. "இங்க எதுக்குப்பா இது?" என்றேன்.

"கெடக்கட்டும்மா. தேங்கா ஒடைக்க ஆகும்" என்றார்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. விடியுமுன்னே எழுந்து முற்றம் கூட்டிவிடுவார். டீச்சரின் பக்கத்தையும் சேர்த்துக் கூட்டுவார். மத்தியானம் எனக்குச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறாமல் நடந்தே மருந்துக்கடைக்கு வந்துவிடுவார். கடை முதலாளி மடவளை முஸ்லிம், அவர்கள் அண்ணனைச் சொல்வது போல நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தோட்டத்துத் தேயிலைக்கும் கடைத் தேயிலைக்கும் என்ன வித்தியாசம் என்று விசாரிப்பார். அப்பா ஆசையாகச் சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, எனக்கு என்ன வேலை தருகிறாய் என்பது போல் பார்ப்பார்.

"இங்க செய்யிறதுக்கு ஒன்னுமே இல்லியாம்மா?"

"ஒன்னும் இல்லப்பா. ஒங்க வாழ்நாள் பூரா செஞ்சுட்டீங்க. சும்மா இருங்க."

மரத்தைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த மரம் பூக்கும், அதைத் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. எந்த மகளாவது தன் அப்பாவுக்கு, மரம் பூக்கும் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பாளா?

மாசிப் பௌர்ணமிப் போயா அன்று எனக்கு அரை நாள் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது, விகாரையிலிருந்து டீச்சரும் வெள்ளைச் சேலையோடு சந்தியில் இறங்கினார். இருவரும் ஒன்றாக நடந்தோம். இந்த முறை எரபது முந்திப் பூக்கப்போகிறது, நேற்றே மொட்டுப் பார்த்தேன், மகளிடமும் சொல்லிவிட்டேன் என்று டீச்சர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் ஒவ்வொரு வருடமும் அந்த மரத்தை வீடியோவில் பார்த்தால்தான் புத்தாண்டு வந்தது போல் இருக்கும் என்பாளாம். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டே கடைசி வளைவில் திரும்பினோம்.

மரம் இல்லை. அடிமரம் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் தலையில் நாலைந்து முண்டுகள், எல்லாம் சாய்வாக, சுத்தமாக, ஒரே வெட்டில் வெட்டப்பட்டிருந்தன. வேலி ஓரத்தில் தடித்த கொப்புகள் ஒரு அடுக்கு, மெல்லியவை இன்னொரு அடுக்கு. முள்ளெல்லாம் சீவி எடுத்து ஒரு குவியலாகப் போட்டிருந்தது. முற்றம் கூட்டித் தெளித்திருந்தது. நடுவில் அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வையோடு நின்றார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அம்மா செத்த பிறகு அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

"முடிச்சுட்டேம்மா," என்றார். "எல கொட்டி நோய் புடிச்ச மாதிரி நின்னுச்சு. கழிச்சு விட்டுட்டேன். இனி புதுக் கொப்பு விட்டு நல்லா நெழல் கட்டும் பாரு." டீச்சரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி, "நோனா" என்றார்.

டீச்சர் அந்த அடுக்குக்குக் கிட்டப் போனார். குனிந்து ஒரு கொப்பை எடுத்தார். நுனியில் அந்தக் கறுப்பு மொட்டுக் கொத்து அப்படியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிறகு டீச்சர் என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், சிங்களத்தில் சொன்னார்:

"தோட்டத்து ஆட்கள்தானே. வெட்ட மட்டும்தான் தெரியும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் அவர் பக்கம் என்பது போல. அந்த இடத்தில் நான் ஒரு மனுஷியாக இருந்திருந்தால், டீச்சர், அவர் என் அப்பா, தெரியாமல் செய்துவிட்டார், மன்னியுங்கள் என்று சொல்லியிருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவைப் பார்த்துத் திரும்பி, சிங்களத்தில் திட்டினேன்.

யார் உன்னைத் தொடச் சொன்னது என்று கேட்டேன். இது என்ன உன் தோட்டமா, கையில் கத்தி இருந்தால் கண்டதையெல்லாம் வெட்டுவதா என்று கேட்டேன். என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். கடைசியாக, உங்களையெல்லாம் ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வர முடியாதது இதனால்தான் என்றேன். உங்களையெல்லாம். அந்த ஒரு சொல்லில் அப்பாவை, அம்மாவை, தம்பியை, லயத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு நான் மட்டும் டீச்சர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வாழ்க்கையில் அதற்கு முன் ஒருநாளும் நான் அப்பாவிடம் சிங்களத்தில் பேசியதில்லை. அவருக்குச் சிங்களம் வராது என்பதுதான் என் எண்ணம். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும், நோனா, மாத்தயா என்று கும்பிடவும் தெரியும், அவ்வளவுதான். ஆகவே அது அவருக்கு விளங்கவேண்டும் என்று திட்டிய திட்டு இல்லை. டீச்சருக்கு விளங்கவேண்டும், எதிர்வீட்டுக்கு விளங்கவேண்டும், ஒழுங்கை முழுக்க விளங்கவேண்டும் என்று திட்டியது.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். நான் முடித்ததும் கத்தியைச் சாக்கில் துடைத்தார். கொப்புகளை வேலிக்கு வெளியே சுமந்து போட்டார். நான் உதவிக்குப் போகவில்லை.

உள்ளே வந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்களோ?"

"பூக்கப்போற மரம்பா அது," என்றேன், எரிச்சலோடு. "வருசப் பொறப்புக்குப் பூக்குறது. ஒரு வார்த்த என்னைய கேட்டிருக்கலாம்ல?"

"பூவா?" என்றார். கத்தியைத் தினசரியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

பிறகு கண்டி முழுக்க வசந்தம் வந்தது. நான் எங்கே திரும்பினாலும் அது என் கண்ணைக் குத்தியது. கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் யார் யாரோ வீட்டு வேலிகளில் எரபது சிவந்து நின்றது. விடியற்காலையில் குயில் தொண்டை கிழியக் கத்தியது. மா மரங்கள் பூத்து, சந்திக்கே வாசம் அடித்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஒரு மொட்டை மரம். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, ஐயோ, எரபதுவுக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். டீச்சர் கையை நீட்டிக் காட்டி விவரம் சொல்லுவார். டீச்சர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வழக்கம் போல் பாற்சோறு அனுப்பினார், கண்டால் சிரித்தார். ஆனால் வந்தவரிடம் கதையைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சமும் குறைக்கமாட்டார். விறாந்தையில் அப்பா உட்கார்ந்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு விளங்காது என்று டீச்சரும் நினைத்திருக்கலாம். என்னைப் போலவே.

அப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். முற்றம் கூட்டுவதை நிறுத்திவிட்டார். கடைக்குச் சோறு கொண்டுவருவதும் நின்றுவிட்டது. என் வீட்டில் எந்தப் பொருளை எடுப்பதென்றாலும், "இத எடுக்கலாமாம்மா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரு கோப்பை எடுப்பதற்கு. ஒரு வாளியை நகர்த்துவதற்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "எடுங்கப்பா, எல்லாத்துக்கும் என்னைய கேக்கணுமா?" என்று அதற்கும் ஒரு கத்துக் கத்துவேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சொன்ன அதே வாய்தான்.

பங்குனி பிறந்ததும் ஒரு காலையில் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சின்னதுக்குப் பரீட்ச வருதாம். நான் போயிட்டு வர்றேம்மா."

எந்தப் பரீட்சைக்கு எந்தத் தாத்தா தேவை? பொய் என்று எனக்குத் தெரியும். இருங்கப்பா என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் பஸ் ஏறிப் போனதும் எனக்கு மூச்சு லேசாக வந்தது. இனி ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த நெஞ்சை நான் என்னவென்று சொல்ல.

அது நோன்பு மாதம். நானா வறண்ட உதட்டோடு கல்லாவில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டுகளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"தங்கச்சி, ஒங்கட வாப்பா எங்க? இப்ப காணவே இல்லயே."

"தோட்டத்துக்குப் போயிட்டாரு நானா."

"எப்ப வார?"

"தெரியல்ல."

"நெரந்தரமா இருக்கத்தான் வந்தன்டு எனக்கிட்டச் சென்னாரே," என்றார் நானா. பிறகு சீட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. அப்பா அந்த மனிதரிடம் போய், மகளோடு நிரந்தரமாக இருக்கப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கணக்குத் தவறி, எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளைத் திரும்ப முதலிலிருந்து எண்ணவேண்டியதாயிற்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது டீச்சர் முற்றத்தில் நின்று, கைப்பேசியை மொட்டை மரத்தின் பக்கம் பிடித்துக்கொண்டு மகளோடு பேசிக்கொண்டிருந்தார். பார் மகளே, பார், இந்தத் தோட்டத்து மனிதர்கள் செய்த வேலையை என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் அந்தக் கைப்பேசிக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றேன்.

"டீச்சர், அந்த மரத்தை வெட்டியது என் அப்பா. அவரும் தோட்டத்து ஆள், நானும் தோட்டத்து ஆள்தான்" என்றேன்.

டீச்சர் பதறிப்போனார். "ஐயோ, உன்னைச் சொல்லவில்லையே. நீ அப்படி இல்லை, மகளே."

"நான் அப்படித்தான், டீச்சர். பதினொரு வருடமாக அப்படித்தான் இங்கே இருக்கிறேன். இனி அதை என் முன்னால் சொல்லாதீர்கள்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நிமிடமே அந்தப் பெருமை எரிச்சலாக மாறியது. யார் காதில் விழவேண்டுமோ அவர் போன பிறகு காட்டிய வீரம் அது. குசினிக்குப் பின்னால் கதிரை சுவரைப் பார்த்தபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மடுல்கெல்லை பஸ் ஏறினேன். கடையில் லீவு கேட்டதும், வாப்பாவுக்குக் கொடுங்கள் என்று நானா நோன்பு திறக்கிற ஈத்தம்பழம் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்திருந்தார். பஸ் மடவளையைத் தாண்டும்வரை இரண்டு பக்கமும் வீட்டுத் தோட்டங்களில் எரபது பூத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த பெண் பிள்ளைக்கு அதைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பன்வில தாண்டித் தேயிலை தொடங்கியதும் சிவப்பு நின்றுவிட்டது.

மரங்கள் இல்லாமல் போகவில்லை. மலை முழுக்க அதே இனத்து மரம்தான். கொழுந்துக்கு நிழல் தரவென்று வரிசை பிடித்து நட்டது. எல்லாம் மேற்பகுதி வெட்டப்பட்டு, முண்டும் முடிச்சுமாக, விரல் போன கைகள் மாதிரி நின்றன. ஒரு மலை முடிந்து அடுத்த மலை, அதிலும் அப்படியே. நான் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். பதினாறு வயது வரை இந்த மரங்களுக்குக் கீழேதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அம்மா இந்த நிழலில்தான் கூடையை இறக்கிவைத்துச் சோறு தின்றாள். கொப்பு நீளும்போதெல்லாம் கழித்துவிடுவார்கள், பூ விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும் என்று கணக்கப்பிள்ளை சொல்லுவார். மாசியும் பங்குனியும் எத்தனையோ தடவை அந்த மலைகளுக்கு வந்து போயிருக்கின்றன. ஒரு பூ நான் பார்த்ததில்லை. டவுனுக்கு வந்து, டீச்சர் வீட்டு வேலியில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பார்த்தும், லயத்துக்குப் பக்கத்தில் நின்ற அதே மரம்தான் இது என்று எனக்குப் பதினொரு வருடமாகப் பிடிபடவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நூறு வருடத்துக்கு மேல் ஒரு சனம் ஒரு மரத்துக்குக் கீழே வேலை செய்கிறது. அந்த மரம் பூக்கும் என்பதைக்கூட அதன் கண்ணில் காட்டவில்லை. பூக்குமுன் வெட்டு என்று சொல்லிக்கொடுத்து, வெட்டுவதற்கென்றே கையைப் பழக்கிவிட்டு, கடைசியில் அவர்களுக்கு வெட்ட மட்டும்தான் தெரியும் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்கு நானும் தலையாட்டினேன்.

அப்பா லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "வாம்மா, சொல்லாம கொள்ளாம வந்திருக்க" என்றார். ஈத்தம்பழப் பெட்டியைக் கொடுத்தேன். நானா கொடுத்தது என்றதும் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பேரப்பிள்ளைகளுக்கென்று பத்திரமாக மூடினார். இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம்.

"அந்தம்மாகிட்ட நீ சொல்லிரும்மா," என்றார் அவராகவே. "அது பூக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. எத்தன ஆயிரம் மரம் கழிச்சிருப்பேன், ஒன்னுலயும் பூவக் கண்டதில்ல. அந்தக் கறுப்பா இருந்ததெல்லாம் பூச்சின்னு நெனச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா கை வச்சிருப்பனா?"

"தெரியும்பா. நான் அந்தம்மாகிட்ட பேசிட்டேன்." படியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு நான் ஒங்கள அப்படிப் பேசுனது…"

"அத விடு."

"இல்லப்பா. ஒங்களுக்கு வெளங்காதுன்னு நெனச்சுத்தான் நான்…"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பிள்ளை ஏதோ அறியாமல் சொல்லிவிட்டது என்கிற மாதிரி.

"நாப்பது வருசமா என்னைய எந்த பாஷையிலம்மா திட்டுனாங்க? தொர திட்டுனாரு, ஆபீசு ஐயா திட்டுனாரு. எல்லாம் அந்த பாஷதான். வேற எது வெளங்காட்டியும் அது வெளங்கும்."

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நான் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன். யார் தொடச் சொன்னது என்றது, கண்டதையெல்லாம் வெட்டுவதா என்றது, உங்களையெல்லாம் என்றது, எல்லாம் விளங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு குசினியில் வந்து, அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்களோ என்று ஒன்றும் தெரியாதவர் போல் கேட்டிருக்கிறார். விறாந்தையில் உட்கார்ந்து, டீச்சர் ஊருக்கெல்லாம் சொன்ன கதையை ஒவ்வொரு நாளும் சொல் சொல்லாகக் கேட்டிருக்கிறார்.

"அப்ப ஏன்பா ஒன்னுமே சொல்லல?" என்று கத்தியே விட்டேன். உள்ளே தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னைய ஒரு அறை அறைஞ்சிருக்கலாம்ல? வாயத் தொறந்து ரெண்டு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கலாம்ல?"

அப்பா போஞ்சிக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னத்தம்மா சொல்றது," என்றார். "நீ அங்க இருக்கணும்ல."

அந்தப் பதில் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். கோபப்பட வேறு ஆள் கிடைக்காமல் அதன் மேல் கோபம். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் காலில் விழுந்து முடித்திருப்பேன். வாங்கப்பா, இன்னைக்கே போவோம், நான் வேறு வீடு பார்க்கிறேன் என்று எத்தனையோ விதமாகக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவி, "வருசப் பொறப்பு கழியட்டும்மா, பாப்போம்" என்றார். எங்கள் ஆட்கள் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். துரையிடமும் அவர்கள் அதைத்தான் சொல்லுவார்கள், மறுக்க முடியாத இடத்தில் மறுப்பதற்கு.

நாலு மணி பஸ்ஸுக்கு அப்பா ரோட்டு வரை வந்து, கையைக் காட்டி நிறுத்தி, எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கும்வரை கீழே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். பஸ் கிளம்பியது. பக்கத்து இடம் கண்டி வரை காலியாகவே இருந்தது.